யூரியாவைத் தின்றது பயிரா, பூஞ்சையா? தேன்கனிக்கோட்டைப் பகுதி ராகி வயலில் கழுத்துக் குலைநோய்: ஒரு நிகழ்வு ஆய்வு

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் சாலையை ஒட்டிய செம்மண் சரிவில் அண்ணன், தம்பி இருவருடைய ராகி வயல்கள் ஒரே வரப்பைப் பகிர்ந்துகொண்டு கிடக்கின்றன. பாகம் பிரிக்கும் வரை அது ஒரே நிலமாக இருந்தது. மண்ணும் சரிவும் ஒன்றே. அந்த ஆண்டு ஆடிக் கடைசியில் இருவரும் விதைத்ததும் ஒரே குதிரிலிருந்து எடுத்த நாட்டு ராகி விதைதான். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் தம்பியின் கதிர்கள் பால் பிடித்துத் தலை சாய்ந்துகொண்டிருக்க, அண்ணன் வயலில் பாதிக்கு மேற்பட்ட கதிர்கள் கழுத்தில் கறுத்து, மணி பிடிக்காமல் வெளிறி நிமிர்ந்து நின்றன. அழைத்தவர் அண்ணன். அவர் கேட்டது ஒன்றுதான்: "நல்லாப் போட்டு வளர்த்தவன் வயல்ல வந்திருக்கு, ஒண்ணுமே போடாதவன் வயல்ல வரலையே, இது என்ன நியாயம் சார்?"

நோய் எது என்பதில் எனக்கு முதல் பார்வையிலேயே ஐயம் இருக்கவில்லை: கதிரின் கழுத்தைத் தாக்கும் பூஞ்சை நோயான கழுத்துக் குலைநோய். பல நாள் மனத்தில் கிடந்தது அவருடைய கேள்விதான். அதற்குப் பொதுவாக நாம் சொல்லும் பதில் ('யூரியா அதிகமானால் செடி பதமாகிவிடும், நோய் எளிதாகப் பிடிக்கும்') பொய்யல்ல. ஆனால் அது செடியை மட்டும் பார்க்கிறது, பூஞ்சையைப் பார்ப்பதில்லை. அதே யூரியா பூஞ்சையின் வயிற்றுக்குள் என்ன செய்கிறது, எந்த மரபணுவைத் திறக்கிறது, எதை மூடுகிறது என்ற பக்கத்திலிருந்து இந்த ஒரு வயலைப் படித்துப் பார்க்கும் முயற்சியே இந்தக் கட்டுரை.

வயலில் கண்டது

அண்ணனுடையது போர்வெல் பாசன நிலம். ஏக்கருக்கு மூன்று மூட்டை யூரியா போட்டிருந்தார்: விதைக்கும்போது ஒன்று, முதல் களை எடுத்ததும் ஒன்று, கதிர் வெளிவரும் தறுவாயில் ஒன்று. மூன்றாவது மூட்டை உரக்கடையில் சொன்னதைக் கேட்டுப் போட்டது. கதிரின் விரல் நீளும் என்றார்களாம். இப்போது ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் 46 விழுக்காடு தழைச்சத்து (நைட்ரஜன்). ஆகவே ஏக்கருக்கு ஏறத்தாழ 62 கிலோ தழைச்சத்து நிலத்தில் விழுந்திருக்கிறது. பாசன ராகிக்கான பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 60 கிலோ, அதாவது ஏக்கருக்கு 24 கிலோ. மூட்டைக் கணக்கில் ஒன்றும் கொஞ்சமும். இரண்டரை மடங்குக்கு மேல் போயிருக்கிறது.

தம்பியுடையது மானாவாரி. மாட்டு எருவும், மழை பெய்த மறுநாள் தூவிய அரை மூட்டை யூரியாவும்தான் போட்டவை. இடையிடையே அவரையும் கடுகும் சால் போட்டிருந்தார். பயிர் முழங்காலுக்குச் சற்று மேல்தான், இலைகள் வெளிர்பச்சை, நிலம் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்த அளவோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். இரண்டு வயல்களுக்கும் இடையே தழைச்சத்து மட்டுமா வேறுபட்டது? தண்ணீர், பயிர் நெருக்கம், ஊடுபயிர் எல்லாமே வேறு. குலைநோய்ப் பூஞ்சைக்கு இலையில் ஈரம் பல மணி நேரம் நிற்க வேண்டும். பாசன வயலில், அடர்ந்து மூடிய பயிருக்குள், காலைப் பனி பத்து மணி வரை காயவில்லை. நோய்க்குக் காரணம் ஈரம்தான், யூரியா அல்ல என்று ஒருவர் வாதிட்டால் மறுக்க என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது.

தம்பியின் வயலுக்குள் நடந்தபோதுதான் மேற்கு மூலையில் ஒரு சதுரம் கண்ணில் பட்டது. சுற்றிலும் வெளிறிய பயிருக்கு நடுவே, கத்தரித்து ஒட்டியதுபோல் கரும்பச்சை. கோடையில் அந்த இடத்தில் சில இரவுகள் ஆட்டுப்பட்டி போட்டிருந்ததாகவும், மழை வந்துவிட்டதால் பட்டியை நகர்த்தாமல் ஒரே இடத்தில் விட்டுவிட்டதாகவும் தம்பி சொன்னார். ஆட்டு மூத்திரத்தில் இருப்பதும் யூரியாதான். பாசனம் இல்லாத, அதே மானாவாரி மழையை மட்டும் குடித்த அந்தச் சதுரத்துக்குள் கழுத்துக் குலை இருந்தது. சதுரத்துக்கு நான்கு அடி வெளியே தேடித்தான் ஒன்றிரண்டு கதிர்களைக் காண முடிந்தது. அந்தச் சதுரத்திலும் பயிர் நெருக்கம் கூடியிருந்தது, பனி சற்று அதிக நேரம் தங்கியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் போர்வெல் தண்ணீரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட அது போதுமானதாக இருந்தது.

மேசையில் சோதித்தது

கறுத்த கழுத்துப் பகுதியை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, கழுவி, நனைத்த ஒற்றுத்தாள் விரித்த பெட்ரித் தட்டில் வைத்து ஓரிரவு மூடிவைத்தேன். காலையில் கணுவைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய பூ பூத்திருந்தது. ஒட்டுநாடாவில் ஒற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது எதிர்பார்த்ததுதான் தெரிந்தது: பேரிக்காய் வடிவில், இரண்டு குறுக்குச் சுவர்களால் மூன்று அறைகளாகப் பிரிந்த பூஞ்சை வித்துகள். குலைநோயை உண்டாக்கும் பைரிகுலேரியா. ராகியில் இந்த நோயை இந்தியாவில் முதன்முதலாகப் பதிவு செய்தது தஞ்சை டெல்டாவில்; 1920-இல் மெக்ரே எழுதிய பதிவு அது. நெல்லைத் தாக்குவதும் ராகியைத் தாக்குவதும் இன்றைய வகைப்பாட்டில் ஒரே இனம்; அதற்கு மேக்னபோர்தே ஒரைசே என்றும் பெயர். ஆயினும் தொற்றி வாழும் பயிருக்கேற்ப அதற்குள் தனித்தனிக் கால்வழிகள் உண்டு. பக்கத்து நெல் வயலிலிருந்து ராகிக்குப் பரவிவிட்டதோ என்ற அச்சத்துக்கு அநேகமாக இடமில்லை.

அதன்பின் செய்த ஒரு சிறு சோதனை, புதிதாக எதையும் கண்டுபிடிக்க அல்ல, அண்ணனுக்குக் கண்ணால் காட்டுவதற்காக. வித்துகளைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து, பிளாஸ்டிக் மூடுவில்லையின் மேல் ஒரு சொட்டு விட்டேன். இன்னொரு வில்லையில் அதே வித்துகளோடு ஈஸ்ட் சாறு கலந்த நீர். எட்டு மணி நேரம் கழித்து, வெறும் நீரில் கிடந்த வித்துகள் குட்டையான முளைக்குழாய் விட்டு, அதன் நுனியில் கரும்பழுப்புக் குமிழ் ஒன்றைக் கட்டியிருந்தன. ஊட்டம் கலந்த நீரில் கிடந்தவையோ நீள நீளமாக இழை ஓட்டியிருந்தன. குமிழ் மிக அரிது. அப்ரசோரியம் எனப்படும் அந்தக் குமிழ்தான், தனக்குள் அழுத்தம் ஏற்றி இலைத்தோலைத் துளைக்கும் கருவி. உணவு கிடைத்தால் துளைக்க வேண்டிய தேவை இல்லை. கிடைக்காதபோதுதான் ஆயுதம் செய்கிறது.

அண்ணன் நுண்ணோக்கியிலிருந்து தலையை நிமிர்த்திச் சட்டென்று கேட்டார்: "அப்படீன்னா நான் தழைச்சத்து அள்ளிப் போட்டது நோயைத் தடுத்திருக்கணுமே சார்?" ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் சிக்கி நின்ற இடமும் அதுதான்.

பட்டினிக் கோட்பாடும் அதன் ஓட்டையும்

1993-இல் டால்பட், எபோல், ஹேமர் ஆகியோர் குலைநோய்ப் பூஞ்சையில் எம்பிஜி1 என்ற மரபணுவைக் கண்டறிந்தனர். இலையின் மெழுகுப் பரப்பைப் பற்றிக்கொள்ள உதவும் நீர்வெறுப்புப் புரதம் ஒன்றை உண்டாக்குவது அது. செடிக்குள் பூஞ்சை நுழையும் காலத்தில் அது மிகுதியாக வேலை செய்தது. ஆய்வகத் தட்டில் தழைச்சத்தையோ சர்க்கரையையோ பட்டினி போட்டாலும் வேலை செய்தது. இதைப்போல் வேறு மரபணுக்களும் அகப்பட்டபோது ஒரு கோட்பாடு உருவானது: செடிக்குள் இருக்கும் பூஞ்சை தழைச்சத்துப் பட்டினியில் இருக்கிறது, அந்தப் பட்டினியே அதன் நோய் மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. கோட்பாடு அழகானது. ஆனால் வயலில் நடப்பது அதற்கு நேர் எதிராக இருந்தது. தழைச்சத்து கூடிய பயிரில்தான் குலைநோய் கூடுகிறது என்பது நெல் விவசாயி எவருக்கும் தெரியும்.

இன்னொரு விரிசல் பூஞ்சைக்குள்ளேயே இருந்தது. தழைச்சத்துப் பட்டினியின்போது மாற்று உணவுகளைச் செரிக்கும் மரபணுக்களைத் திறக்கும் தலைமை விசை நட்1 என்ற புரதம். டிஎன்ஏ-வில் குறிப்பிட்ட எழுத்துக் கோவையைத் தேடிப் பிடிக்கும் 'காட்டா' குடும்பத்துப் படியெடுத்தல் காரணி. பட்டினிதான் நோயைத் தூண்டுகிறது என்றால், நட்1 இல்லாத பூஞ்சை நோயே உண்டாக்கக் கூடாது. 1996-இல் வெளியான ஆய்வில் நட்1 நீக்கிய பூஞ்சையின் இலைப்புள்ளிகள் சிறுத்தன, நோய் நிற்கவில்லை. அப்படியானால் தலைமை விசை வேறெங்கோ இருக்கிறது.

அது சர்க்கரைப் பக்கம் இருந்தது. செல்லுக்குள் வரும் குளுக்கோஸ் முதலில் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டாக மாறும். டிபிஎஸ்1 என்ற நொதி அதிலிருந்து டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் செய்யும் பாதையின் முதல் படி. டிபிஎஸ்1 நீக்கிய பூஞ்சையால் நோய் உண்டாக்க முடியவில்லை என்று 2003-இல் தெரிந்தது. டிரெஹலோஸ் இல்லாததுதான் காரணம் என்று நினைப்பது இயல்பே. 2007-இல் ரிச்சர்ட் வில்சன், நிக்கலஸ் டால்பட் குழு அந்த நொதியின் சில அமினோ அமிலங்களை மட்டும் மாற்றியது. டிரெஹலோஸ் செய்யும் திறன் போய்விட்டது, ஆனால் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டைப் பிடித்துப் பார்க்கும் பள்ளம் அப்படியே இருந்தது; அந்த வகை நோயை உண்டாக்கியது. ஆக, டிபிஎஸ்1-இன் முக்கிய வேலை டிரெஹலோஸ் செய்வதல்ல, சர்க்கரை வந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இது.

தொட்டுப் பார்த்த பின் நடப்பதை, 2010-இல் அதே குழு வெளியிட்ட ஆய்வையும் சேர்த்து, இப்படிச் சொல்லலாம். சர்க்கரை வந்துவிட்டது என்று டிபிஎஸ்1 உணர்ந்ததும், சர்க்கரையைச் செரிக்கும் வழிகளில் ஒன்றான பென்டோஸ் பாஸ்பேட் பாதையின் வாயில் நொதி முடுக்கப்படுகிறது. அந்தப் பாதையில் என்ஏடிபிஎச் என்ற ஆற்றல் நாணயம் அச்சாகிறது. என்எம்ஆர் எனப்படும் மூன்று அடக்கிப் புரதங்கள் காட்டா காரணிகளைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கின்றன. என்ஏடிபிஎச் பெருகியதும் அவை பிடியை விடுகின்றன. விடுபட்ட காரணிகள் போய்த் தங்கள் மரபணுக்களைத் திறக்கின்றன. தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட்டைச் செரிக்கும் நொதிக்கும் என்ஏடிபிஎச் வேண்டும் என்பதால், கையில் காசு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சந்தைக்குப் போகும் ஏற்பாடு இது. டிபிஎஸ்1 இல்லாத பூஞ்சை நைட்ரேட்டில் வளர்வதில்லை. அதனிடமிருந்து என்எம்ஆர் அடக்கிகளையும் நீக்கிவிட்டால் நோய் உண்டாக்கும் திறன் ஓரளவு திரும்பியது. இந்த விசையில் நட்1-க்கு உடன்பிறப்பான ஏஎஸ்டி4 என்ற இன்னொரு காட்டா காரணிக்கும் பங்குண்டு. அது இல்லாவிட்டால் அழுத்தக் குமிழே உருவாவதில்லை.

இதிலிருந்து பட்டினிக் கோட்பாடு தலைகீழாகிறது. செடியின் செல்லுக்குள் நுழைந்துவிட்ட பூஞ்சை பஞ்சத்தில் வாடவில்லை. சர்க்கரைப் பாகுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது, அதை எண்ணிப் பார்த்துத்தான் தழைச்சத்துச் செலவைத் தீர்மானிக்கிறது. பட்டினி என்பது இலையின் மேற்பரப்பில், பனித்துளியில், துளைக்கும் வரை மட்டும்தான். அங்கேயும் அது வெளி உணவை நம்புவதில்லை. வித்துக்குள் கட்டிக்கொண்டு வந்த கட்டுச்சோறாகிய கொழுப்பையும் கிளைகோஜனையும் கரைத்தே குமிழைக் கட்டுகிறது. அண்ணன் நிலத்தில் போட்ட யூரியா அந்தப் பனித்துளிக்கு வந்து சேர்வதில்லை. அது வேர் வழியே ஏறி, செடிக்குள் குளூட்டமின் போன்ற அமினோ அமிலங்களாக மாறி, பூஞ்சை உள்ளே வந்த பிறகு அதற்காகக் காத்திருக்கிறது. அவர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: வாசலில் பசி, உள்ளே விருந்து, நீங்கள் விருந்துக்குத்தான் உரம் போட்டீர்கள்.

இதற்கு நெல்லில் நேரடிச் சான்றும் உண்டு. 2017-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை, தழைச்சத்து மிகுந்த செடியில் பூஞ்சையின் நோய் மரபணுக்கள் கூடுதலாக இயங்குவதையும், செடியின் குளூட்டமினுக்கு அதில் பங்கிருப்பதையும் காட்டியது. செடி பதமாகிவிட்டது என்பதோடு கதை முடியவில்லை என்று நான் சொல்வதற்கு அடிப்படை அதுவே. மேற்சொன்ன மரபணுச் சோதனைகள் பெரும்பாலும் பிரெஞ்சு கயானாவில் பிடித்த கை11 என்ற நெல் வகைப் பூஞ்சையில் நடந்தவை. ராகிக் கால்வழியிலும் இதே விசை இதே முறையில் இயங்கும் என்பது ஒரே இனம் என்பதால் நான் எடுத்துக்கொள்ளும் அனுமானம். ஆட்டுப்பட்டிச் சதுரம் அந்த அனுமானத்தோடு ஒத்துப்போகிறது, அதை மெய்ப்பிக்கவில்லை.

மருந்து ஏன் பலிக்கவில்லை

கதிர் வெளிறத் தொடங்கிய மூன்றாம் நாள் அண்ணன் கடையில் கொடுத்த டிரைசைக்ளசோல் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளித்திருக்கிறார். பலன் இல்லை, மருந்து போலி என்று அவருக்குச் சந்தேகம். டப்பாவைப் பார்த்தேன், சந்தேகிக்க ஏதுமில்லை. குற்றம் மருந்தின் மேலல்ல, நாளின் மேல்.

அழுத்தக் குமிழ் தனக்குள் கிளிசரால் சேர்த்து நீரை உறிஞ்சி அழுத்தம் ஏற்றுகிறது. அந்த அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 80 மடங்கு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றோடு ஒப்பிட்டால் சுமார் 40 மடங்கு. கிளிசரால் கசிந்துவிடாமல் தடுப்பது குமிழின் சுவரில் பூசிய மெலனின் என்ற கருநிறப் பொருள். அதைச் செய்யும் பாதையின் மூன்று மரபணுக்களுக்கு, அவை பழுதானால் பூஞ்சை என்ன நிறமாகிறதோ அதையே பெயராக வைத்திருக்கிறார்கள்: வெள்ளையானால் ஆல்பி1, இளஞ்சிவப்பானால் ரோசி1, மங்கிய பழுப்பானால் பஃப்1. பஃப்1 உண்டாக்கும் நொதியைத்தான் டிரைசைக்ளசோல் முடக்குகிறது. மெலனின் இல்லாத குமிழில் அழுத்தம் ஏறாது, துளை விழாது. ஆனால் உள்ளே புகுந்துவிட்ட பூஞ்சைக்கு மெலனின் குமிழ் தேவையில்லை. கழுத்து கறுத்துக் கதிர் வெளிறுவது துளை விழுந்து பல நாள் ஆன பிறகு தெரியும் அடையாளம். கதவு உடைந்த பின் தாழ்ப்பாள் மாற்றியது போலாயிற்று. கழுத்துக் குலைக்கு மருந்து என்றால் அது பூக்கும் தருணத்தில் அடிக்க வேண்டியது. அப்போது வயலைப் பார்த்தால் நோயே இருக்காது என்பதுதான் விவசாயியை இதில் நம்பவைக்க முடியாமல் போவதற்குக் காரணம்.

மூன்றாவது மூட்டையும் இந்தக் கணக்கில்தான் மாட்டுகிறது. கதிர் வெளிவரும் தறுவாயில் போட்ட தழைச்சத்து, பூஞ்சை கழுத்துக்குள் நுழையும் அதே நாட்களில் கழுத்து வழியாகக் கதிருக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. மணியை நோக்கிப் போகும் சர்க்கரையும் அதே வழிதான். மொத்த அளவைவிட அந்த நேரம் செய்த கேடு பெரிது என்பது என் கணிப்பு.

அறுவடையும் அதன் பிறகும்

அந்தப் பருவத்தில் காப்பாற்ற அதிகமில்லை. பிந்திய தூர்களில் அப்போதுதான் பூத்த கதிர்களுக்கு மட்டும் கார்பென்டசிம் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லியை ஒருமுறை தெளித்தார். அவற்றில் பாதி தேறின. மேலுரமும் பாசனமும் நிறுத்தப்பட்டன. நோய் விழுந்த தாளை வயலில் விடாமல் மாட்டுக்குப் போட்டுத் தீர்க்கவும், அந்த வயலிலிருந்து விதை எடுக்காமல் தம்பி வயலின் கிழக்குப் பக்கத்துக் கதிர்களிலிருந்து எடுக்கவும் சொன்னேன். பூஞ்சை விதையோடும் தாளோடும் அடுத்த ஆண்டுக்குப் போகும். களத்தில் தூற்றியபோது அண்ணனுடைய ராகியில் பாதிக்குப் பாதி பதராகப் பறந்தது. தேறிய மணியும் கடுகைவிடச் சிறுத்துச் சுருங்கியிருந்தது.

அடுத்த ஆடிக்கு அண்ணன் குலைநோயைத் தாங்கும் ஜிபியு 28 ரகத்துக்கு மாறினார். கிலோவுக்கு 2 கிராம் கார்பென்டசிம் கலந்து விதைத்தார். யூரியா ஒரு மூட்டையை இரண்டாகப் பிரித்து, இரண்டாவது பாதியைக் கதிர் தெரியும் முன்பே முடித்துக்கொண்டார். அக்டோபரில் நான் போனபோது இலையில் அங்கங்கே கண் வடிவப் புள்ளிகள் இருந்தன. கழுத்துகள் பெரும்பாலும் பச்சையாக இருந்தன. இதில் ரகத்தின் பங்கு எவ்வளவு, உரத்தைக் குறைத்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்த வயல் இடம் தராது. மூன்று மாற்றங்களையும் ஒரே ஆண்டில் செய்துவிட்டார். நட்டப்பட்டவரிடம் ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தம்பி அதே நாட்டு ராகியைத்தான் விதைத்திருந்தார். மேற்கு மூலையில் அந்தக் கரும்பச்சைச் சதுரம் அந்த ஆண்டு இல்லை. கோடையில் பட்டியை ஒரே இடத்தில் விடாமல், இரவுக்கு ஓர் இடமாக வயல் முழுக்க நகர்த்திக் கட்டியிருந்தார்.